பட்டாளத்தானுக்கு ஒரு தொட்டி

வீரமணியின் வண்டிக்கு ஊரில் பட்டாளத்தான் என்று பெயர். மிலிட்டரியில் ஓடி அலுத்து ஏலத்துக்கு வந்த வண்டியை வீரமணியின் அப்பா எடுத்துவந்தபோது அவன் மனைவி சசிகலா பிறந்திருக்கவே இல்லை. மூக்கு நீண்டு, விளக்குக் கண் இரண்டும் பிதுங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கும். குடிக்கிற விஷயத்தில் மட்டும் பட்டாளத்துப் பழக்கத்தை விடவில்லை. எவ்வளவு டீசல் ஊற்றினாலும் இன்னும் கொண்டா என்று கேட்கும்.

வத்தல்மலைக்குத் தார்ரோடு போட்டு பஸ் விட்ட பிறகும் பட்டாளத்தானுக்கு வேலை குறையவில்லை. தார்ரோடு போகிற இடத்துக்குத்தான் தார்ரோடு. அதிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகிற மண்பாதைகளில் ஐப்பசி மழைக்குச் சேறு முழங்கால்வரை நிற்கும். புதுசு புதுசாய் வருகிற பிக்கப் வண்டிகள் அதைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடும். பட்டாளத்தான் முனகிக்கொண்டே ஏறிவிடும். போகும்போது சிமெண்டும் உப்பும், வரும்போது சாமையும் ராகியும் பலாவும். மூட்டைகளுக்கு மேல் ஆட்களும் ஏறிக்கொள்வார்கள். ஏற்றக்கூடாதுதான். ஆனால் கொட்டுகிற மழையில் கைகாட்டி நிற்கிறவர்களிடம் சட்டம் பேசிவிட்டுப் போக வீரமணிக்கு வராது.

போன ஐப்பசியில் அதுதான் வினையாக வந்தது. பின்பக்க மரப்பாடியில் ஒரு பலகை உளுத்திருந்தது. அதன் மேல் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டு, அறுப்பு முடியட்டும், பலா முடியட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். மலையிலிருந்து இறங்குகிற வழியில் பலகை முறிந்து, மேலே உட்கார்ந்திருந்த மலையூர்க்காரி நஞ்சம்மாள் அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தாள். வலது கை முறிந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் பின்சக்கரம் அவள்மேல் ஏறியிருக்கும்.

அந்த ஒரு சாண் வீரமணியின் மனசில் உட்கார்ந்துகொண்டது. நஞ்சம்மாளைத் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினான். அதற்கப்புறம் தொடவில்லை. கல்லுக்கட்டு வேலைக்குப் போனான். கேட்டதற்குத்தான் பதில். சோற்றுக்கு உட்கார்ந்தால் மலை இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மாசி மாதம் காயலான் கடைக்காரன் ஒருவன் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பங்குனி பிறந்ததும் அறுத்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

சசிகலாவுக்கு வண்டி போவதைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தமில்லை. பழைய இரும்பு, என்றைக்கானாலும் போகிறதுதான். வண்டியோடு சேர்ந்து இந்த மனுஷனும் போய்விடுவானோ என்பதுதான் அவளுக்குப் பயம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பேசிப் பேசியே உயிரை எடுத்தவன், இப்போது பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் சாமந்தி பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலை பஸ்ஸில் ஏறினாள். பையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள். நஞ்சம்மாளைப் பார்த்து என்ன சொல்வதென்று வளைவுக்கு வளைவு யோசித்து, யோசித்ததையெல்லாம் அடுத்த வளைவில் தொலைத்துக்கொண்டே போனாள்.

நஞ்சம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் கண்ணு, இம்மாங் காலமா ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல? நாங்க என்னா தப்பு பண்ணோம்?"

தப்பு பண்ணியதாகச் சொல்ல வந்தவள் தான் என்று நினைத்துக்கொண்டே சசிகலா பையைக் கீழே வைத்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுங்கக்கா? உங்க கைய ஒடச்சிட்டு."

"ஒடஞ்சிது. கட்டு போட்டாங்க. கூடிக்கிச்சி. மழ வந்தா கொஞ்சம் கொடையுது, அவ்ளோதான். இப்ப மொறம் புடிக்கிறேன்ல? ஒக்காரு மொதல்ல. ஏங்க, அந்தச் சொம்புல தண்ணி மோந்து குடுங்க."

உள்ளேயிருந்து அவள் புருஷன் மாதப்பன் தண்ணீரோடு வந்தான். நஞ்சம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"ஆசுபத்திரில ஒங்க வூட்டுக்காரரு பண்ண கூத்து தெரியுமா ஒனக்கு? நான் வலியில கத்துறேன். அவரு என்ன விட சத்தமா அழுவுறாரு. டாக்டரு வந்து, உங்க ரெண்டு பேருல யாருக்கும்மா அடின்னு கேக்குறாரு."

சசிகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தக் கதையை வீரமணி அவளிடம் சொல்லவே இல்லை.

"அவரு இனிமே ஓட்ட மாட்டாராங்கக்கா. வண்டிய காயலான் கடைக்குப் பேசிட்டாரு."

மாதப்பன் அப்படியே நின்றான். "அப்ப எங்க பலாவ யாரு எறக்குறது? பஸ்ஸுல கண்டக்டரு ஒரு பலாவுக்கு ஒரு ஆள் டிக்கெட் போடுறாரு. சரி, அதுக்கு ஒரு சீட்டாச்சும் குடுக்கிறாரான்னா அதும் இல்ல."

"மேல இருக்கிற மரப்பாடி ஒண்ணுத்துக்கும் ஒதவாதுங்கண்ணா. எல்லாம் உளுத்துப் போச்சி. புதுசா மரத்துல கட்ட எங்களால ஆவாது."

"மரத்துல எதுக்குக் கட்டற?" என்ற மாதப்பன் வீட்டின் பக்கவாட்டைக் காட்டினான்.

அங்கே ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டி தரையில் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புயல் மழையில் மாதப்பனின் பிக்கப்பின் தலையில் மரம் விழுந்து முன்பக்கம் சப்பட்டையாகிவிட்டது. இஞ்சினை ஒருத்தரும் சக்கரங்களை ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போக, மிஞ்சிய தொட்டிக்குள் ஆடுகளை அடைத்திருந்தான். கிடாய் ஒன்று விளிம்பில் முன்னங்கால்களைத் தூக்கிவைத்து, யாரிவள் என்பதுபோல் சசிகலாவைப் பார்த்தது.

"நல்ல தகரம். துரு புடிக்கல. எடுத்துக்கினு போயி வெச்சிக்கங்க. ஆட்டுக்கு நான் ஒரு படல் கட்டிக்கிறேன்."

"அண்ணா, நான் மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேங்க."

"அதையும் கேட்டுக்க. யாரு வேணாம்னா?" என்றாள் நஞ்சம்மாள். "சாப்ட்டுட்டுக் கேளு. களியும் அவரக்கொட்ட சாறும் இருக்குது."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். களி சுடச்சுட இருந்தது. சசிகலா ஒவ்வொரு உருண்டையாகச் சாற்றில் தோய்த்து விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சாற்றின் காரத்தைக் காட்டினாள். நஞ்சம்மாள் நம்பியதுபோல் இன்னும் ஒரு கரண்டி சாறு ஊற்றினாள்.

அடுத்த வாரமே டிராக்டரில் தொட்டி இறங்கி, நல்லம்பள்ளியில் அமலன் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பட்டாளத்தானை அதே டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். வீரமணி தடுக்கவில்லை. "என்னாவோ பண்ணுங்க. ஓட்ட மட்டும் என்னக் கூப்பிடாதீங்க" என்றான்.

அமலனின் பட்டறை சந்தை ரோட்டில், மலை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது. டிராக்டர் டிரெய்லர், கிரில் கேட், மாட்டுக்கொட்டகைக்குக் கூரை என்று எல்லாம் செய்வான். மனைவி ஆக்சிலியா டிரில் போடுவாள், பெயிண்ட் அடிப்பாள், வந்தவர்களோடு வாய் ஓயாமல் பேசுவாள். வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே வெல்டிங் கண்ணாடி தொங்கும்.

மரப்பாடியைப் பிரித்ததும் பட்டாளத்தான் கோவணத்தோடு நிற்கிற ஆள்போல ஆகிவிட்டான். வண்டியின் அடிச்சட்டமான சேஸ் இரும்பின் துருவை ஆக்சிலியா கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். தொட்டிக்குள் ஏறி ஆட்டுப் புழுக்கையைச் சுரண்டிக் கழுவியது சசிகலா. சோப்புத்தூள் போட்டாள், டெட்டால் ஊற்றினாள். வாடை போகவில்லை.

"இருக்கட்டும்க்கா, வாசன வந்தாத்தான் மலையாளுங்களுக்கு நம்ம வண்டின்னு தெரியும்" என்றாள் ஆக்சிலியா.

தொட்டியைச் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கினார்கள். சேஸின் இரண்டு இரும்பின் மேலும் நீளவாக்கில் கருவேலங்கட்டைகளை வைத்தான் அமலன்.

"இது எதுக்குப்பா?" என்று சசிகலா கேட்டாள்.

"இரும்பு மேல இரும்ப வெச்சா ரெண்டும் சண்ட போடுங்கக்கா. மேட்டுல பள்ளத்துல சேஸ் முறுக்கும், தொட்டி கிழிஞ்சிரும். நடுவுல ஒரு கட்ட இருந்தா ரெண்டு பக்கத்து இடியையும் அது வாங்கிக்கும். மாமியா மருமவளுக்கு நடுவுல புருசன் இருக்கிற மாதிரி."

"எங்க வூட்டுக் கட்ட எந்த இடியையும் வாங்காதுங்கக்கா" என்றாள் ஆக்சிலியா. "சண்டைன்னா சைக்கிள எடுத்துக்கினு டீக்கடைக்குப் போயிரும்."

அமலன் காது கேளாதவன்போல ஸ்பேனரைத் தேடினான். பட்டாளத்தானின் டயர் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். அதற்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து, போதும் என்றான். கட்டையையும் சேஸையும் சேர்த்து யூ போல்ட் போட்டு இறுக்கினான். ஆக்சிலியா பச்சை பெயிண்ட் அடித்து முடித்தாள்.

வண்டியை வெளியே எடுக்கிற நாள் சந்தை நாளாக அமைந்தது. சசிகலா கெஞ்சிக் கூத்தாடி வீரமணியை அழைத்து வந்திருந்தாள். அவன் பட்டறைக்குள் வரவில்லை. பக்கத்து டீக்கடை பெஞ்சில், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சசிகலா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினாள். ஆக்சிலியா ஜெபமாலை ஒன்றைக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டினாள். பட்டாளத்தானுக்கு எந்தச் சாமியோடும் விரோதம் கிடையாது.

அமலனே ஏறி வண்டியைக் கிளப்பினான். நாலுமாதத் தூக்கம் கலைந்த இஞ்சின் கருப்பாக இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாசலில் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த கல்லைத் தாண்டும்போது பின்சக்கரம் ஒரு குதி குதித்தது. கறக் என்று ஒரு சத்தம்.

அமலன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். புதுப் பச்சைப் பெயிண்டின் அடியில் டயர் உரசிய கருப்புத் தடம் விழுந்திருந்தது. காலி வண்டிக்கே இந்தக் கதி. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு என்னுதுதாங்கக்கா. இந்தச் சுத்துவட்டாரத்து டிரெய்லரெல்லாம் நான் கட்டனது. டிரெய்லருக்கு ஸ்பிரிங் மாதிரி அமுங்கற வில்லுப்பட்ட கெடையாது. காலியா இருந்தாலும் அதே ஒயரம், லோடு ஏத்தனாலும் அதே ஒயரம். அதே கணக்குலயே இதையும் பாத்துட்டேன். இது பட்ட வெச்ச வண்டி, பாரம் ஏறினா குனியும்னு மண்டையில ஏறல."

"கட்டய மாத்தி ஒசத்திர வேண்டியதுதான" என்றாள் ஆக்சிலியா.

"எவ்ளோ ஒசத்துவ? கம்மியா ஒசத்தினா டயரு தேயும். ஜாஸ்தி ஒசத்தினா தல கனத்து வளைவுல சாஞ்சிரும். முழு பாரம் ஏத்தி நிறுத்தி, எவ்ளோ குனியுதுன்னு பாத்தாத்தான் சொல்ல முடியும். பாரத்துக்கு இப்ப நான் எங்க போறது?"

எதிரே மலை பஸ்ஸுக்காகச் சந்தைக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. ஆடு விற்றவர்கள், ஆடு விலைபோகாமல் திரும்பப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், பாத்திர மூட்டையோடு பெண்கள். தொட்டியைப் பார்க்க மாதப்பனும் நஞ்சம்மாளும் ஏற்கெனவே ரோட்டைத் தாண்டி வந்திருந்தார்கள்.

"பாரம்தான? நாங்க ஏறி நின்னா ஆவாதா?" என்றான் மாதப்பன்.

"வேணா." டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. வீரமணி எழுந்து நின்றிருந்தான்.

"வண்டி எங்கியும் போவலண்ணா. நின்ன எடத்துல நிக்கப் போவுது" என்றான் அமலன். "போலீசுகூட கேசு போட முடியாது."

"நின்னாலும் வேணா. ஒருத்தரும் அதுல ஏற வேணா."

நஞ்சம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இப்போதுதான் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்பது சசிகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா இருக்கியா வீரமணி? எளச்சிப் போயிட்ட" என்றாள் நஞ்சம்மாள்.

அவன் ஆறிய டீயைப் பெஞ்சில் வைத்தான்.

"அன்னிக்கி நீ தூக்கிக்கினு ஓடி வரலன்னா கை கோணலா கூடியிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீ வரவே இல்ல."

"ஒடச்சதே என் வண்டிதானுங்களே. பலக உளுத்தது எனக்குத் தெரியுங்க. தெரிஞ்சேதான் ஓட்டனேன்."

"எனக்குந்தான் தெரியும். அதுமேல தகரம் அடிச்சிருந்தத பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். மத்தவங்க மூட்ட மேல ஒக்காந்தாங்க, எனக்கு அங்கதான் காத்து வரும்னு போயி ஒக்காந்தேன்." நஞ்சம்மாள் கொஞ்சம் நிறுத்தினாள். "என் சீர்சாமான் இந்த வண்டியிலதான் மலையேறிச்சி. எங்க மாமனாரு கண்ணு ஆபரேசனுக்கு இதுலதான் எறங்கினாரு. வூட்டுக்கு ஓடு இதுலதான் வந்துது. இதையெல்லாம் வுட்டுட்டு அந்த ஒருநாள மட்டும் நீ புடிச்சிக்கினு ஒக்காந்துக்குனு இருந்தா நான் என்னா சொல்றது? தள்ளு. அம்மா ஆக்சிலியா, அந்த ஸ்டூல எடுத்துப் போடு."

ஸ்டூலில் ஏறி, ஆக்சிலியாவின் தோளைப் பிடித்து, நஞ்சம்மாள் தொட்டிக்குள் போய் நின்றாள். காலால் தரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். "கெட்டியா இருக்குது" என்று ரோட்டைப் பார்த்துக் கையசைத்தாள்.

அப்புறம் கேட்பானேன். மலைக்கூட்டம் மொத்தமும் ரோட்டைத் தாண்டி வந்தது. மூட்டைகளை முதலில் ஏற்றினார்கள், பிறகு பெண்கள், பிறகு ஆண்கள். விலைபோகாத ஆடும் ஏறியது. அதற்குத் தொட்டியின் வாடை பிடித்திருக்க வேண்டும், உடனே படுத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் ஏறும்போது வில்லுப்பட்டைகள் கிரீச்சிட்டன. தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

"யாராச்சும் அடியில போயி, எந்த எடத்துல எவ்ளோ சந்து இருக்குதுன்னு சாக்பீசுல கோடு போடணும்" என்ற அமலன் தானே குனிந்து நுழையப் பார்த்தான். தொப்பை சேஸில் மாட்டிக்கொண்டது. ஆக்சிலியா காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தொட்டிக்குள் ஒரே சிரிப்பு.

"குடு" என்றான் வீரமணி.

அவன் எப்போது பக்கத்தில் வந்தான் என்று சசிகலா பார்க்கவில்லை. சாக்பீஸை வாங்கிக்கொண்டு, துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்து போனான். வெடித்த குதிகால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அவன் நெஞ்சுக்கு மேல் அத்தனை மலைச்சனமும் நின்றது. மேலே இருந்தவர்களுக்கும் அது புரிந்ததோ என்னவோ, சிரிப்பு அடங்கிப்போயிற்று. ஒருவரும் காலை மாற்றிக்கூட வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மலை பஸ் வந்தது. நிறுத்தத்தில் ஒருவரும் இல்லாததைப் பார்த்து டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "ஏம்பா, வர்றீங்களா இல்லியா? இத வுட்டா அடுத்தது பொழுது எறங்கித்தான்."

சசிகலா பதறிப்போனாள். "எறங்குங்கக்கா. பஸ்ஸு போயிரும். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"பேசாம இரு. ஆள் அசஞ்சா கணக்கு மாறிடும்" என்றாள் நஞ்சம்மாள்.

மாதப்பன் கண்டக்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "நீங்க போங்க சார். நாங்க அடுத்ததுல வர்றோம்."

வெறும் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் போனது. வீட்டில் மாடு கட்டினவர்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள், காலையில் குடித்த கூழோடு நிற்கிறவர்கள் எல்லோரும் அது போவதைத் தலைக்கு மேல் வெயிலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. இவர்களுக்கு என்ன செய்து இந்தக் கடனைத் தீர்ப்பது என்று சசிகலா நினைத்தாள். தீர்க்கவே வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றும் நினைத்தாள்.

வண்டிக்கடியில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டு நகர்வது கேட்டது. சசிகலா குனிந்து பார்க்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"அமலா." அடியிலிருந்து வீரமணியின் குரல் வந்தது. மழையில் சேற்றில் நின்று சத்தம் போடுவானே, அந்தப் பழைய குரல். "இன்னும் முழு பாரம் வரல. எடம் இருக்குது. இன்னும் ரெண்டு பேரு ஏறச் சொல்லு."

டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

"நான் ஏறட்டுங்களா?" என்று சசிகலா கேட்டாள்.

"நீ ஏறாம? ஏறு" என்றது அடியிலிருந்து.

ஸ்டூலில் ஏறி அவள் தொட்டிக்குள் கால் வைத்தாள். இரண்டு பேர் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். பட்டைகள் ஒரு தரம் கிரீச்சிட்டு அடங்கின. அப்போது அடியிலிருந்து, ஒவ்வொரு தரமும் வண்டியை எடுக்குமுன் பின்பக்கம் திரும்பிச் சொல்வதைத்தான் அவன் சொன்னான். வண்டி நிற்கிறது என்பது அவனுக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

"எல்லாரும் கெட்டியா புடிச்சிக்கங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த வண்டியில் அத்தனை பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.